எழுபத்தொரு சதவீதம்

எழுபத்தொன்று, எழுபத்து மூன்று, எழுபது. இந்த மூன்று எண்களையும் நான் கனவு கண்டு எழுதவில்லை. என் கையால் செய்து, என் கண்ணால் பார்த்து, கையெழுத்துப் போட்டு அறிக்கையில் கொடுத்தவை. ஆனால் அந்தப் பத்து நாளும் பல் துலக்கும்போதுகூட இதையே எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மை பேசுகிறவளுக்கு எதற்கு இத்தனை ஒத்திகை என்று அதற்கும் ஒரு பயம் வந்தது.

என் பெயர் சுமையா. ஊர் அதிராம்பட்டினம். வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கி, நான்கு வருடமாக சுபாங் ஜெயாவில் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் வேலை. குடியிருப்பது பிரிக்பீல்ட்ஸில், பதினோராம் மாடி. கணவர் ஹாசிமும், இந்த வருடம் பதினான்கு முடியும் மகளும் என் வேலை அனுமதிப் பாஸை வைத்துத்தான் இந்த நாட்டில் இருக்கிறார்கள். என் பாஸ் போனால் மூன்று பேரும் பெட்டி கட்ட வேண்டியதுதான். அது முடிய ஏழு வாரம் இருந்தது. புதுப்பிக்கிற கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டிய டாக்டர் பரமேஸ்வரன், என் மேலதிகாரி, ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

"கஸ்டமர் வர்றதுக்குள்ள அந்த எழுபதைத் திரும்பக் காட்டுங்க சுமையா. கடிதத்தைப் பத்தி அப்புறம் பேசுவோம்."

வேலை இதுதான். பாம் எண்ணெயிலிருந்து எடுத்து, எங்களுக்கு ஏற்றபடி கொஞ்சம் மாற்றிய ஓர் அமிலம். அதன் ஒரு நுனியில் கார்பாக்சில் என்கிற தொகுதி இருக்கும். ஒரு கரிமம், இரண்டு ஆக்சிஜன், ஒரு ஹைட்ரஜன். அமிலத்தை மெத்தனாலில் கரைத்து, இரண்டு கிராஃபைட் கம்பிகளை முக்கி, மின்சாரம் பாய்ச்சினால் அந்த நுனி உடைந்து கார்பன் டை ஆக்சைடாகக் குமிழி விட்டுப் போய்விடும். நுனி போன மூலக்கூறு பதறிப்போய்ப் பக்கத்தில் இருக்கிற மெத்தனாலைப் பிடித்துக்கொள்ளும். அப்படிக் கிடைக்கிற பொருள் சோப்புக்கு வாசனை தரும். விலை கூடிய உலோகம் வேண்டாம், எரிச்சல் கிளப்பும் ரசாயனம் வேண்டாம், கரண்ட் போதும். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது பாருங்கள். போட்ட அமிலத்தில் நூற்றுக்கு எழுபது பங்கு வாசனைப் பொருளாக மாறினால் ஒரு தொழிற்சாலையே கட்டலாம். இருபது பங்கு என்றால் சாக்கடையில் ஊற்ற வேண்டியதுதான்.

கஸ்டமர் பத்து நாளில் வருகிறார் என்று தெரிந்த அன்றிலிருந்து எனக்குக் கிடைத்தது இருபத்து நான்கு. அடுத்தது பத்தொன்பது. அடுத்தது முப்பத்தொன்று. பிறகு மறுபடியும் இருபது.

நான் எதையும் விட்டுவைக்கவில்லை. புது மெத்தனால் வாங்கினேன், அதிலிருந்த ஈரத்தை எடுத்தேன். கம்பிகளை உப்புத்தாளால் தேய்த்தேன். தேய்த்ததுதான் தப்போ என்று புதுக் கம்பி போட்டேன். அமிலத்தை மறுபடி சுத்தம் செய்தேன். ஒரு பயனும் இல்லை. காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்தால் பதினொன்று வரை ஒழுங்காகப் போகும். பன்னிரண்டு மணிக்கு மேல் மீட்டரில் வோல்ட் ஏற ஆரம்பிக்கும். பத்தில் இருந்தது பதினைந்தாகும், இருபதாகும். கம்பியைச் சுற்றி ஏதோ படிகிறது, கரண்ட் அதை முட்டித் தள்ள வேண்டியிருக்கிறது என்பது தெரிந்தது. ஆனால் அந்த மூன்று நல்ல நாட்களில் ஏன் படியவில்லை? என் குறிப்பேட்டைத் திறந்து திறந்து பார்த்தேன். பதினொன்றரை மணிக்குப் பதினொரு வோல்ட், சாப்பாட்டுக்குப் பின் பத்து வோல்ட். என் எழுத்துத்தான். நான் பார்த்ததுதான்.

பரமேஸ்வரன் சார் ஒரு நாள் அந்தக் குறிப்பேட்டை வாங்கிக்கொண்டு பங்சாரில் இருக்கிற தன் வீட்டுக்குப் போனார். மறுநாள் திருப்பிக் கொடுத்தபோது அந்த மூன்று பக்கங்களில் மட்டும் மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். எனக்குச் சண்டை போட நன்றாக வரும். "எண்களை நீயே இட்டுக்கட்டினாயா" என்று ஒரு மனிதர் கேட்காமல் கேட்கும்போது என்ன பதில் சொல்வது? கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அடுத்த கரைசலைக் கலக்கினேன்.

அதற்குப் பிறகு நான் பாத்திரத்தை விட்டு நகரவே இல்லை. முன்பெல்லாம் ஒன்றேகால் மணிக்கு மேல்மாடிக்குப் போவேன். அங்கே ஒரு சின்ன சுராவ், தொழுகை அறை, இருக்கிறது. கை, முகம், கால் கழுவி ஒளு செய்து, மதியத் தொழுகையான லுஹர் தொழுதுவிட்டு, கீழே ஸ்டாலில் ஒரு வாய் சாப்பிட்டு வர முக்கால் மணி நேரம் ஆகும். இப்போது அது இல்லை. ஹாசிம் கட்டிக் கொடுக்கிற ரொட்டியை ஆய்வுக்கூட வாசலில் நின்றபடியே, கண்ணாடி வழியாக மீட்டரைப் பார்த்துக்கொண்டே விழுங்கினேன். நேரம் தவறிய லுஹரைச் சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் களாவாகத் தொழுதேன். தொழுகையிலும் எனக்கு வோல்ட்தான் தெரிந்தது.

என்னோடு அந்த அறையில் இருந்தவர் வாசு அண்ணன் ஒருவர்தான். கிள்ளான்காரர், நாற்பத்தைந்து வயது. ஆய்வுக்கூட உதவியாளர், குடுவை கழுவுவது, காஸ் சிலிண்டர் மாற்றுவது, கழிவுக் கேனை எடுத்து வைப்பது அவர் வேலை. இதற்கு முன் கிள்ளானில் மோட்டார் சைக்கிள் ரிம்முக்கு முலாம் பூசுகிற பட்டறையில் இருபது வருடம் இருந்தாராம். பேச்சு குறைவு. அந்தப் பத்து நாளில் அவர் பலமுறை என் பக்கம் வந்து நிற்பார். நான் நிமிர்ந்து பார்த்தால் குடுவையைத் துடைக்க ஆரம்பிப்பார். எனக்கு இருந்த எரிச்சலில், வேடிக்கை பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். இரண்டு முறை எரிந்தும் விழுந்தேன்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு விதி உண்டு. ஒருவர் ஓட்டிக்கொண்டிருக்கிற சோதனையை இன்னொருவர் தொடக்கூடாது. போன வருடம் ஸ்டோரில் இருந்த ஒருவர், சத்தம் அதிகமாக இருக்கிறது என்று ஒரு கலக்கியின் வேகத்தைக் குறைத்துவிட்டார். அவ்வளவுதான் செய்தார். அன்று சாயங்காலமே பரமேஸ்வரன் சார் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

கஸ்டமர் வருவதற்கு முந்தின நாள். புதன்கிழமை. காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே மகள் கேட்டுவிட்டாள், அடுத்த வருடம் இங்கே படிப்பேனா ஊரிலா என்று. ஸ்கூலில் பாடம் தேர்ந்தெடுக்கிற தாளை அன்றைக்குக் கொடுக்க வேண்டுமாம். "இன்ஷா அல்லாஹ், இங்கேதான்" என்று சொல்லிவிட்டு சென்ட்ரலில் ரயில் ஏறி சுபாங் ஜெயா வரைக்கும் ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு வந்தேன்.

பன்னிரண்டரைக்கு வோல்ட் பதினான்கு. ஒரு மணிக்குப் பதினேழு. ஹாசிமுக்குப் போன் போட்டேன். இன்றைக்கும் போச்சு, நாளைக்கு அவர்கள் முன்னால் மானம் போகப்போகிறது, நீங்கள் பெட்டியை எடுத்துத் தூசி தட்டுங்கள் என்று கத்தினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தொழுதாயா என்றார். இல்லை என்றேன். எத்தனை நாளாக நேரத்துக்குத் தொழவில்லை என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "போய்த் தொழுதுட்டு வா. நீ உக்காந்து முறைச்சா மட்டும் அது ஒழுங்கா ஓடுதா?" என்றார்.

நியாயமான கேள்விதான். வாசு அண்ணனிடம், மேலே போய்விட்டு வருகிறேன், தீப்பிடித்தால் மட்டும் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனேன்.

மேலே குழாயைத் திறந்தால் புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. அன்று அந்த வட்டாரம் முழுக்கத் தண்ணீர் தடை. காலையிலேயே போனில் செய்தி வந்திருந்தது, இருந்த பதற்றத்தில் நான் படிக்கவில்லை. கெட்ட காலம் வந்தால் ஒட்டகத்தின் மேல் உட்கார்ந்திருந்தாலும் நாய் கடிக்கும் என்பார்கள். என் மேசையில் ஒரு பாட்டில் குடிதண்ணீர் இருந்தது, ஒளுவுக்கு அது போதும் என்று கீழே இறங்கி வந்தேன். போய் ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

கதவைத் திறந்தபோது வாசு அண்ணன் என் சோதனையின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் சிவப்புக் கிளிப், இன்னொரு கையில் கறுப்புக் கிளிப். சிவப்பு இருக்க வேண்டிய கம்பியில் கறுப்பையும், கறுப்பு இருக்க வேண்டியதில் சிவப்பையும் மாட்டி ஸ்விட்சைப் போட்டார். பிறகு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆற அமரப் பார்த்தார்.

நான் அலறினேன். என்ன அலறினேன் என்று நினைவில்லை. அவர் முகத்தில் ரத்தமே இல்லை. ஆனால் ஸ்விட்சிலிருந்து மட்டும் கையை எடுக்கவில்லை.

"ஒரு நிமிஷம் டாக்டர். ஒரே நிமிஷம். இப்ப நிறுத்தினா வேஸ்ட் லா."

அந்த ஒரு நிமிடமும் நாங்கள் இரண்டு பேரும் அப்படியே நின்றோம். பிறகு அவர் ஸ்விட்சை அணைத்து, கிளிப்புகளைப் பழையபடி மாற்றி, திரும்பப் போட்டார். கம்பியிலிருந்து பழுப்பாக ஒரு படலம் உரிந்து கரைசலில் சுருண்டு இறங்கியது. மீட்டரைப் பார்த்தேன். பத்து வோல்ட்.

நாற்காலியில் உட்கார்ந்து, எத்தனை நாளாக என்று கேட்டேன்.

மெதுவாகச் சொன்னார். பட்டறையில் முலாம் தொட்டியில் கரண்ட் மந்தமானால் கம்பியை ஒரு நிமிடம் தலைகீழாக மாற்றிப் போடுவார்கள். ஒட்டியிருக்கிற அழுக்கு கழன்றுவிடும். இருபது வருடம் அதைச் செய்த கை. என்னுடைய முதல் சோதனை அன்று நான் தொழப் போயிருந்தபோது குமிழிகள் பெரிதாக, சோம்பலாக வருவதைப் பார்த்திருக்கிறார். பொடிப் பொடியாகச் சீறிக்கொண்டு வர வேண்டிய குமிழி அப்படி வந்தால் தொட்டி மூச்சுத் திணறுகிறது என்று அர்த்தமாம். யோசிக்கவே இல்லை, கை தானாகப் போய்விட்டது என்றார். செய்து முடித்த பிறகுதான் விதி நினைவுக்கு வந்து பயந்திருக்கிறார். ஆனால் அன்றைக்கு நான் எழுபத்தொன்று என்று குதித்தேன், அவருக்கு ரோத்தி சானாய்ப் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். அதனால் அடுத்த இரண்டு முறையும் நான் தொழப் போன நேரத்தில் அவரே செய்துவிட்டார்.

அதற்குப் பிறகு நான் நகரவில்லை. நகராத ஒவ்வொரு நாளும் தோற்றேன். வெண்ணெயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பத்து நாள் நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

பயம் போய்க் கோபம் வந்தது. நான் கழிவறையில் அழுதுவிட்டு வந்ததெல்லாம் இவருக்குத் தெரியும். மஞ்சள் சீட்டையும் பார்த்தவர்.

"பத்து நாளா நான் சாகுறதைப் பார்த்துக்கிட்டே இருந்தீங்களே வாசு அண்ணே. ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா?"

"தோணுச்சு டாக்டர். தினம் பக்கத்துல வந்து நின்னேனே. சொன்னா பெரியவர் காதுக்குப் போகும். போனா என் வேலை ஹபிஸ் லா, தீர்ந்துச்சு. பட்டறைய மூடினப்ப எட்டு மாசம் வீட்டுல சும்மா இருந்தேன். இந்த வயசுல மறுபடி யாரு எடுப்பாங்க?"

நான் பாஸுக்குப் பயந்ததுபோல அவர் வேலைக்குப் பயந்திருக்கிறார். இரண்டு பேரும் ஒரே அறையில் பத்து நாள் தனித்தனியாகப் பயந்திருக்கிறோம்.

மூன்றரைக்கு நிறுத்திப் பிரித்து எடைபோட்டபோது அறுபத்தொன்பது வந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய் சொன்னது. மனசு சொல்லவில்லை. இதை எப்படி எழுதுவது? வாசு அண்ணனே வழி சொன்னார். நீங்கள்தான் மாற்றிப் போட்டீர்கள், அறிக்கையில் எழுத மறந்துவிட்டீர்கள் என்று சொல்லிவிடுங்கள் டாக்டர், என் பெயர் எங்கேயும் வர வேண்டாம் என்று கெஞ்சினார். கையெடுத்துக் கும்பிட்டார். அவர் கும்பிட்டதால்தான் ஒப்புக்கொண்டேன் என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் அவர் கேட்பதற்கு முன்பே அந்த எண்ணம் எனக்கு வந்துவிட்டிருந்தது.

பரமேஸ்வரன் சார் அறைக்கு நடக்கும்போது, உண்மையைச் சொல்லி, வாசு அண்ணனை மன்னித்துவிடும்படி கேட்டால் என்ன என்று ஒரு கணம் தோன்றியது. அவர் மன்னிக்கலாம். மன்னிக்காமல் வாசு அண்ணனை அனுப்பிவிட்டு, மூன்று முறை தன் சோதனையில் என்ன நடந்தது என்றே தெரியாத என்னையும் அனுப்பலாம். கதவைத் தட்டினேன். எண்ணையும், நடுவில் ஒரு நிமிடம் கம்பியை மாற்றிப் போட்டதால் அது வந்தது என்பதையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"கம்பியை மாத்திப் போட்டது யாரு? நீங்களா?"

"ஆமா சார். நான்தான்."

இவ்வளவு முக்கியமான படியை எழுதாமல் விடுவார்களா என்று கால் மணி நேரம் திட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டேன். திட்டு வாங்க வாங்க எனக்கு நிம்மதியாக இருந்தது. இட்டுக்கட்டியவள் என்ற பெயர் போய் மறதிக்காரி என்ற பெயர் வருகிறதே. கடைசியில் அவர் சிரித்தார். நாளைக்கு இதையே காட்டுங்கள் என்றார்.

அப்போதுதான் அடுத்த பயம் பிடித்தது. எப்போது மாற்ற வேண்டும் என்று எனக்குத் தெரியாது. மீட்டரைப் பார்த்துச் செய்தால் ஆகாதா என்று வாசு அண்ணனைக் கேட்டேன். மீட்டர் காட்டுகிறபோது பாதி தாமதம் ஆகியிருக்கும், குமிழியைத்தான் பார்க்க வேண்டும் என்றார். எனக்கு எல்லாக் குமிழியும் ஒரே குமிழியாகத்தான் தெரிந்தது. ஒரே நாளில் இருபது வருடத்தைக் கண்ணுக்குள் ஏற்ற முடியுமா? அவர் எனக்குப் பின்பக்கத் தொட்டியில், குமிழி தெரிகிற இடத்தில் நின்று குடுவை கழுவிக்கொண்டிருப்பார், குழாயை மூடினால் நான் மாற்ற வேண்டும் என்று முடிவு செய்தோம். திருடர்கள் பேசிக்கொள்வதுபோலக் குசுகுசுவென்று பேசினோம்.

வியாழக்கிழமை தண்ணீர் வந்துவிட்டது. கஸ்டமர் கம்பெனியிலிருந்து ஓர் அம்மாவும் ஓர் இளம் பொறியாளரும் வந்தார்கள். சோதனை ஆரம்பித்தது. எனக்குப் பின்னால் குழாய் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த அம்மா என்னென்னவோ கேட்டார், நான் பதில் சொன்னேன், ஆனால் காது முழுக்கக் குழாயில் இருந்தது. பதினொன்றே முக்கால் ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. மறந்துவிட்டாரோ, பயந்துவிட்டாரோ, வேண்டுமென்றே செய்கிறாரோ என்று மனசு கண்டபடி ஓடியது. கையுறைக்குள் விரலெல்லாம் வியர்வை.

சத்தம் நின்றது. நான் ஸ்விட்சை அணைத்து, கிளிப்புகளை மாற்றி, ஒரு நிமிடம் எண்ணி, திரும்ப மாற்றினேன். பழுப்புப் படலம் சுருண்டு இறங்கியது. அந்த அம்மா குனிந்து பார்த்துவிட்டு, மீட்டர் இன்னும் ஏறவே இல்லையே, இப்போதுதான் மாற்ற வேண்டும் என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று ஆச்சரியமாகக் கேட்டார்.

"குமிழியைப் பார்த்துத்தான்" என்றேன். "அனுபவம்."

பின்னால் குடுவைகளை அடுக்குகிற சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. மாலை எண் வந்தபோது எழுபத்து நான்கு. பரமேஸ்வரன் சார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அவர்கள் போன பிறகு, இது காப்புரிமைக்குப் போக வேண்டிய விஷயம், இன்றைக்கே குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள் என்றார் சார். நான் எழுதினேன். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதும்போது பேனா நன்றாகத்தான் ஓடியது. பக்கத்தின் அடியில் சாட்சி ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும்.

"வாசு, நீங்க முழுசாப் பார்த்தீங்கல்ல? வந்து சைன் போடுங்க" என்று சொல்லிவிட்டு, போன் வந்ததால் சார் வாசலுக்குப் போனார்.

வாசு அண்ணன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்தார். பேனாவை வாங்கியவர் அடியில் அச்சடித்திருந்த இங்கிலீஷ் வரியைப் பார்த்து நின்றார். இதில் என்ன போட்டிருக்கிறது டாக்டர் என்று என்னைக் கேட்டார். தெரியாமல் எதிலும் கையெழுத்துப் போடக்கூடாது என்று வீட்டில் சொல்லியிருக்கிறார்களாம்.

சாருக்குக் கேட்காத குரலில் படித்தேன்.

"மேல எழுதியிருக்கிறதைப் படிச்சுப் புரிஞ்சுக்கிட்டேன். இந்தக் கண்டுபிடிப்புல எனக்கு எந்தப் பங்கும் இல்லை."

அவர் முகம் அப்படியே தெளிந்தது. பத்து நாளில் நான் அவர் முகத்தில் பார்க்காத நிம்மதி.

"எழுத்துலயே அப்படிப் போட்டிருக்கா? நல்லதாப் போச்சு லா டாக்டர். இனிமே யாரும் என்னைக் கேக்க முடியாது."

வெட்கத்தில் எனக்கு உடம்பு கூசியது. வேண்டாம் அண்ணே என்று சொல்ல வாயெடுத்தேன். வாசலில் பரமேஸ்வரன் சார் போனில் யாரிடமோ என் பாஸ் கடிதத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார், நாளைக்கே அனுப்பிவிடலாம் என்று. நான் வாயை மூடிக்கொண்டேன். வாசு அண்ணன் குனிந்து, ஒவ்வோர் எழுத்தாக, அழகாகத் தன் பெயரை எழுதினார். பிறகு இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டார். சொன்னேன்.